மலைப் பள்ளிக்கு ஒற்றைத் தாள் மாத இதழ்: தொடங்கவும் நிற்காமல் நடத்தவும் முழுமையான வழிகாட்டி

சிறிய தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பிக்கும் பத்திரிகை பெரும்பாலும் மூன்றாவது இதழில் நின்றுபோகும். ஆர்வம் குறைவதால் அல்ல. ஜூனில் முதல் இதழை எட்டுப் பக்கம், கலர் அட்டை, மூன்று வாழ்த்துச் செய்தி என்று போட்டுவிடுகிறார்கள். ஜூலையில் நீலகிரி மழை பிடித்துக்கொள்கிறது. சேர்ந்தாற்போல் நாலு நாள் விடுமுறை, சுவரில் ஒட்டிய சார்ட் ஊறித் தொங்குகிறது, இரண்டு ஆசிரியரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விடுகிறார். மிச்சமிருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு எட்டுப் பக்கத்தை எங்கே நிரப்புவது?

அதனால் இங்கே சொல்லப்போகும் முறைக்கு ஒரே தாள், இரண்டு பக்கம். ஜூன் கடைசியில் முதல் இதழ், மார்ச் கடைசியில் பத்தாவது. ஏப்ரல், மே கிடையாது. 20 முதல் 50 பிள்ளைகள் வரை உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை மனதில் வைத்து எழுதியது. எஸ்டேட் லைன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஓரத்துப் பள்ளி, ஹட்டி எனப்படும் படுகர் ஊர்ப் பள்ளி, கூடலூர் பந்தலூர்ப் பக்கத்துப் பள்ளி எதுவானாலும் சின்ன மாற்றத்தோடு பொருந்தும்.

யார் படிக்கப் போகிறார்கள்?

இதை முதலில் முடிவு செய்யாமல் பேனாவை எடுக்க வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலர் பார்க்க என்று எழுதினால், விழா, சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்றே பக்கம் போய்விடும். காலையில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது வேறு: அடுத்த வாரம் எந்த நாள் பள்ளி இல்லை, தடுப்பூசிக்கு யார் வருகிறார்கள், ஸ்வெட்டர் அளவு எப்போது எடுப்பார்கள், பெண் எழுதியது இந்த மாதம் வந்திருக்கிறதா.

ஆகவே முதல் பக்கம் வீட்டுக்கு, பின்பக்கம் பிள்ளைகளுக்கு. விழா நடந்திருந்தால் பின்பக்கத்தில் இரண்டு வரி. வாழ்த்துச் செய்திக்கு இடம் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் மனத்தாங்கல் வரும்.

பிரதி, தாள், செலவு

பிள்ளைகளை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள். 32 பிள்ளைகள் இருந்தால் அண்ணன் தங்கை கழித்து 24 வீடு இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அங்கன்வாடி, ரேஷன் கடை, டீக்கடை, ஊராட்சி அலுவலகம், எஸ்டேட் ஆபீஸ், துணை சுகாதார நிலையம், நூலகம், பஸ் நிற்கும் இடத்துக் கடை என்று பொது இடம் எட்டு. கோப்புக்கு இரண்டு. ஆக 34 பிரதி. பத்து இதழுக்கு 340 தாள். ஒரு ரீமில் 500 இருக்கிறது. பாழாவதையும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு ஒரு ரீமே தாராளம். டீக்கடைப் பிரதியைச் செலவு என்று பார்க்க வேண்டாம். மழை நாளில் ஊரே அங்கேதான் உட்கார்ந்திருக்கும், ஒரு தாளைப் பத்துப் பேர் படிப்பார்கள்.

ஜெராக்ஸ் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் என்று போட்டால் 34 பிரதி, இரு பக்கம், மாதம் 136 ரூபாய். தாள் நம்முடையது என்றால் கடைக்காரர் குறைத்துக்கொள்வார். இந்தப் பணம் யார் கையிலிருந்தும் தனியாக வரக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வரித் தீர்மானம் போட்டு, வரவும் செலவும் அந்தக் கணக்கிலேயே நடக்கட்டும். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது இதழைப் படிக்கப்போகிறவர்களே செலவுக்கும் ஒப்புதல் தருகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலவை இதழிலேயே ஒரு வரியில் போட்டுவிட்டால் பேச்சு எழாது.

ரீமைப் பிரித்து மேசையில் வைக்கக் கூடாது. மலையில் திறந்து கிடக்கும் தாள் இரண்டே நாளில் ஈரத்தை உறிஞ்சி ஓரம் சுருளும். அதுதான் ஜெராக்ஸ் மெஷினில் சிக்கும். கடைக்காரர் தாள் மட்டம் என்பார், தாள் மட்டமில்லை. மூடி இறுக்கமாக உள்ள தகர டிரங்குப் பெட்டியில், பிரித்த உறையை மடித்து ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைப்பது இன்னும் நல்லது.

வாரச் சுவர்: மாத இதழின் விளைநிலம்

மாதக் கடைசியில் உட்கார்ந்து செய்தி தேடினால் கிடைக்காது. வாரா வாரம் சுவரில் ஐந்து துண்டுச் செய்தி தொங்கினால், மாதம் இருபது. அதிலிருந்து எட்டைப் பொறுக்கினால் இதழ் தயார். ஆசிரியருக்கு வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது.

சுவர் எது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாசலைப் பார்த்த வெளிச்சுவர் கண்ணில் படும் என்று அங்கே ஒட்டுவார்கள். தென்மேற்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அடிக்கும்போது முதலில் நனைவது தெற்கும் மேற்கும் பார்த்த சுவர். தேர்ந்தெடுக்க வேண்டியது வராந்தாவின் உட்சுவர். அதிலும் மறுபக்கம் வகுப்பறை இருக்கும் சுவர். மறுபக்கம் மண்மேடு அணைத்திருந்தால் அந்தச் சுவர் ஆண்டு முழுக்க வியர்க்கும், வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஒரு செய்தித்தாள் துண்டை இரவு முழுக்கச் சுவரோடு ஒட்டி வைத்துக் காலையில் தொட்டுப் பாருங்கள். துவண்டிருந்தால் வேறு சுவர்.

ஒட்டவே கூடாது, தொங்கவிட வேண்டும். மைதாப் பசையில் ஒட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சை, இரண்டாம் வாரத்தில் வெள்ளிப்பூச்சி. பழைய பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடும் இடத்தில் கூடாது. செல்லோ டேப் குளிரில் பிடிக்காது, பிடித்தால் சுண்ணாம்பைப் பெயர்க்கும். குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு வட்டம் போடும்.

செய்ய வேண்டியது: ஒரு அங்குல ரீப்பர் கட்டை இரண்டை, ஆறு அடி இடைவெளியில் சுவரில் நெட்டுக்குத்தாக அறையுங்கள். அவற்றுக்கு இடையே மெல்லிய நைலான் கயிறு இரண்டு, கிடைமட்டமாக. சணல் வேண்டாம், மழையில் பூஞ்சை பிடிக்கும். கட்டையின் பருமன் அளவுக்குத் தாள் சுவரை விட்டு விலகி நிற்பதால் பின்னால் காற்று ஓடும். மேல்கயிறு தரையிலிருந்து 140 சென்டிமீட்டர், கீழ்க்கயிறு 105. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல்வரிசை, ஒன்றாம் வகுப்புக்குக் கீழ்வரிசை கண்ணுக்கு நேராக வரும். துணி மாட்டும் மரக் கிளிப் பன்னிரண்டு போதும். லேமினேஷன் செய்தால் மழை தாங்குமே என்று தோன்றும். ஓரம் பிரிந்த இடத்தில் புகுந்த ஈரம் உள்ளேயே தங்கி எழுத்தைக் கறுப்பாக்கிவிடும். பிளாஸ்டிக்குக்கு இத்தனை கெடுபிடி உள்ள மாவட்டத்தில் பள்ளியே அதைத் தொங்கவிடுவதும் அழகல்ல.

துண்டின் அளவு ஏ4-இல் பாதி. எழுத பால்பாயிண்ட் பேனா அல்லது பென்சில். ஸ்கெட்ச் பேனா மையில் தண்ணீர்தான் பாதி. வராந்தாவில் பனிமூட்டம் புகுந்து போனாலே எழுத்து கசிந்துவிடும். வண்ணம் வேண்டுமானால் மெழுகு கிரேயான், அதற்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை.

வெள்ளி மாலை ஐந்தையும் கழற்றித் தேதி போட்டு ஒரு உறையில் போட வேண்டும். திங்கள் காலை கயிறு காலியாக இருக்க வேண்டும். பழையது தொங்கிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் மூன்றாம் நாள் முதல் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

செய்தி எடுக்கப் பழக்குவது

நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, வாரத்துக்கு ஒரு ஜோடி. மூன்றாம் வகுப்பு தலைப்புக்கு உதவும். ஒன்றும் இரண்டும் படம் வரையும். "நல்லா எழுதுற பிள்ளை" ஒருத்தியையே எல்லா வாரமும் எழுத வைத்தால் இதழ் அவளுடையதாகிவிடும். அவள் ஆறாம் வகுப்புக்குப் போனதும் நின்றுவிடும்.

யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கையும் எல்லோரும் சொல்லித்தருவார்கள். ஐந்தாவதாக ஒன்று வேண்டும்: உனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளின் செய்தியைச் செய்தியாக்குவது இந்தக் கேள்விதான். ஒரு மாதிரியைப் பார்க்கலாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய் தேடி வருவது அதிசயமில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதிக் கொண்டுவரும்:

"நேத்து நைட்டு சத்துணவு ரூமுக்கு கரடி வந்துச்சு. கதவ ஒடச்சுச்சு. எண்ணெய குடிச்சுச்சு. பருப்பு எல்லாம் சிந்திக் கெடந்துச்சு. ஆயா திட்டுனாங்க."

இதை டி.வி. பாணியில் "பள்ளியில் கரடி அட்டகாசம், பொதுமக்கள் பீதி" என்று மாற்றினால் பிள்ளையின் கண் போய்விடும், டி.வி.யின் வாய் வந்துவிடும். பக்கத்தில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்டால் போதும்.

"நீ கரடியப் பாத்தியா?"
"இல்ல மிஸ், ஆயா சொன்னாங்க."
"நீ எதப் பாத்தே?"
"பருப்பு சிந்திக் கெடந்தது. கதவுல நகம் கீறியிருந்துச்சு."
"அப்புறம் என்ன ஆச்சு?"
"சாப்பாடு லேட்டு மிஸ்."

திருத்தியபின்: "திங்கட்கிழமை இரவு சத்துணவு அறைக்குக் கரடி வந்ததாகச் சமையல் ஆயா சொன்னார். காலையில் நாங்கள் போய்ப் பார்த்தோம். கதவில் நகம் கீறியிருந்தது. எண்ணெய் டின் காலி. பருப்பு சிந்திக் கிடந்தது. ஆயா திட்டினார். செவ்வாய் மதியம் சாப்பாடு அரை மணி நேரம் தாமதம்."

நாள் சேர்ந்தது, யார் சொன்னது என்பது சேர்ந்தது, நகக் கீறல் வந்தது. ஆயா திட்டியது அப்படியே இருக்கிறது, அதை வெட்டக் கூடாது. "நேத்து" என்ற சொல்லை மட்டும் எப்போதும் கிழமையாக மாற்ற வேண்டும். மாதக் கடைசியில் படிப்பவருக்கு அது எந்த நேற்று? பேச்சுத் தமிழில் எழுதியதை எழுத்துத் தமிழாக்குவது பற்றி இரு கருத்து உண்டு. செய்தியை எழுத்துத் தமிழிலும், யாராவது சொன்னதை அவர் சொன்னபடியும் போடுவதே எங்கள் பரிந்துரை.

இதன் கீழே ஆசிரியர் பெட்டி கட்டி ஒரு வரி: எண்ணெய் டின் இனி இரவில் எங்கே வைக்கப்படும், மாலை எந்தக் குறுக்குவழியில் பிள்ளைகள் வரக் கூடாது. செய்தி பிள்ளையுடையது, அறிவிப்பு பள்ளியுடையது. இரண்டும் ஒரே பத்தியில் கலக்க வேண்டாம்.

சிறுத்தை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. எங்கோ எடுத்த பழைய வீடியோ "நம்ம ஊர்" என்ற தலைப்போடு சுற்றிக்கொண்டே இருக்கும். கால்தடத்தையோ விலங்கையோ பார்த்த ஆள் ஒருவரைப் பிள்ளையால் சொல்ல முடியாவிட்டால் சுவரிலும் வேண்டாம், இதழிலும் வேண்டாம். வனத்துறை எச்சரிக்கை கொடுத்திருந்தால் இதழுக்குக் காத்திருக்காமல் அன்றே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

செய்தியே கிடைக்கவில்லை என்கிற வாரத்துக்குக் கைவசம் சில கேள்விகள் இருக்கட்டும். இந்த வாரம் காலை உணவில் எது மிஞ்சியது? முதல் பஸ் எத்தனை நாள் தாமதம்? யார் வீட்டில் கேரட் அறுவடை, மூட்டை என்ன விலைக்குப் போனது? தண்ணீர்க் குழாயில் எந்த நாள் தண்ணீர் வரவில்லை? கடைசிக் கேள்வியின் விடை நாலு வாரம் தொடர்ந்து இதழில் வந்தால் அது கிராம சபையில் வைக்கக்கூடிய பதிவாகிவிடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அதற்கு முந்தைய இதழில் தேதியைப் போட்டு, ஒரு பிரதியையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

மழைக் கணக்கு

மலைப் பள்ளி இதழில் தவறாமல் படிக்கப்படும் பகுதி இதுவாகத்தான் இருக்கும். எல்லோர் வீட்டிலும் "போன வருஷம் இவ்வளவு இல்ல" என்ற பேச்சு உண்டு, எண் மட்டும் யாரிடமும் இருக்காது.

அடியும் வாயும் ஒரே அகலமாக, அடி தட்டையாக உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று போதும், குறைந்தது 20 சென்டிமீட்டர் உயரம். பக்கங்கள் நேராக இருந்தால் வாய் எத்தனை அகலம் என்பது கணக்கில் வராது. உள்ளே தேங்கிய தண்ணீரின் ஆழம் எத்தனை மில்லிமீட்டரோ மழையும் அவ்வளவே. வயிறு பருத்த பாட்டில், கீழே குறுகும் டம்ளர் இரண்டும் பொய் சொல்லும். கட்டடம், மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, திறந்த இடத்தில், காற்றில் சாயாதபடி மூன்று கல் அணைத்து வையுங்கள். கூரைத் தண்ணீர் தெறிக்கும் இடம் கூடாது.

வானிலைத் துறை காலை 8.30-க்கு அளக்கும். பள்ளியில் 9 மணி என்று வைத்துக்கொண்டால் குற்றமில்லை, தினமும் அதே 9 மணியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்கேலின் முனையில் பூஜ்ஜியக் கோட்டுக்கு முன் சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும், அதோடு சேர்த்து முக்குவார்கள். முனையிலேயே பூஜ்ஜியம் தொடங்கும் இரும்பு ஸ்கேல் வாங்குங்கள். சனி, ஞாயிறு அளக்க ஆள் இல்லாவிட்டால் திங்களன்று "மூன்று நாள் சேர்ந்து 46 மி.மீ." என்று எழுத வேண்டும். மூன்றால் வகுத்து நாளுக்கு இவ்வளவு என்று கற்பனை செய்யக் கூடாது. டப்பா நிரம்பி வழிந்திருந்தால் "200-க்கு மேல்" என்று எழுதினால் போதும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளுக்கு எந்தப் பள்ளி டப்பாவும் ஈடுகொடுக்காது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 3,000 லிட்டர். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூலில் தேட வேண்டாம்.

தாளை எழுதுவது

டைப் அடிப்பதா, கையால் எழுதுவதா? கையால்தான். கணினியில் டைப் அடித்துத் தரும் டி.டி.பி. கடைக்கு ஊட்டியோ கூடலூரோ போய்வர அரை நாள். அங்கே பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அதே வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது குப்பையாகத் தெரியும். எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடில் அடிக்கச் சொல்ல வேண்டும், சொன்னாலும் மறந்துவிடுவார். அதைவிட, தன் கையெழுத்து அச்சில் வந்தால் அந்த வீட்டில் அந்தத் தாள் பீரோவுக்குள் போகும்.

பிள்ளைகளின் எழுத்து பெரியது. அதற்காக நேராக ஏ4-இல் எழுத வைத்து நெருக்காதீர்கள். ஏ3 தாளில் எழுத வைத்து 71 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் அச்சாக ஏ4 வரும், கோணல்மாணலும் பாதி மறைந்துவிடும். ஏ3-இல் வரிக்கு வரி 12 மில்லிமீட்டர் இடைவெளியில் நீலப் பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். வெளிர் நீலம் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் பெரும்பாலும் விழாது. நான்கு பக்கமும் 2.5 சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும், மெஷின் ஓரத்தைத் தின்னும். தலைப்புக்கு 6 சென்டிமீட்டர் ஒதுக்கியபின் 25 வரி கிடைக்கும். வரிக்கு ஆறு சொல் என்றால் ஒரு பக்கத்துக்கு 150 சொல்தான். இந்த எண்ணைப் பலகையில் எழுதி வையுங்கள். எதை விடுவது என்ற சண்டை அந்த எண்ணால்தான் தீரும்.

எழுதுவது கறுப்பு ஜெல் அல்லது பால்பாயிண்ட் பேனாவில். நீல மையும் பென்சிலும் மங்கலாக விழும். கிரேயான் படத்தை ஜெராக்ஸ் எடுத்தால் கரித்துணி போல வரும். சுவருக்கு வரைந்த படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து மேலே வேறு தாள் போட்டுக் கறுப்புக் கோட்டில் நகல் எடுத்தால் தெளிவாக வரும். தவறு வந்தால் வெள்ளை மை தடவாமல், சரியாக எழுதிய துண்டை மேலே ஒட்டுங்கள். வெள்ளை மை குளிரில் காய நேரமெடுக்கும், அவசரத்தில் கண்ணாடியில் ஒட்டிக் கடைக்காரரிடம் திட்டு வாங்கித்தரும்.

முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, அதை வேறு வகுப்புப் பிள்ளை ஒருத்தி உரக்கப் படிக்கட்டும். அவள் தடுமாறும் இடம்தான் பிழை. அப்புறம் மிச்சம் 33. இரண்டாம் பக்கம் தலைகீழாக விழுந்துவிடுவதும் இந்த ஒரு பிரதியிலேயே தெரிந்துவிடும்.

போடக் கூடாதவை

மதிப்பெண், ரேங்க், யார் லீவு, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பணம் கட்டவில்லை: எதுவும் வேண்டாம். சாதி வேண்டாம். அது மறைமுகமாக நுழையும் வழி உதவித்தொகைப் பட்டியல். "பழங்குடியினர் உதவித்தொகை பெற்றோர்" என்று பெயர் வரிசை போட்டால் ஊர் முழுக்க அறிவித்தாகிவிடும். "உதவித்தொகை படிவம் வந்துள்ளது, ஆசிரியரைப் பாருங்கள்" என்பதே போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு இரண்டுக்கு மேல் அடையாளம் எதற்கு? லைன் எண், வீட்டு எண், போன் எண் எதுவும் கூடாது. டீக்கடையில் தொங்கப்போகும் தாள் இது. ஏதாவது ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால் அது இதழுக்கான செய்தியே அல்ல. அந்தப் பிள்ளை யாரென்று ஊகிக்கும்படி பள்ளிப் பெயரையோ குடும்பத்தையோ வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் சட்டம்) 23ஆவது பிரிவு தடுக்கிறது.

புகைப்படம் போடுவதாக இருந்தால் ஜூனிலேயே ஒரு ஒப்புதல் சீட்டு. கையெழுத்து வராத வீட்டைத் தொல்லை செய்யாதீர்கள், அந்தப் பிள்ளைக்குப் படம் வரையும் வேலை கொடுங்கள். உள்ளபடியே ஜெராக்ஸில் புகைப்படம் முகமூடி போலத்தான் வரும், கோட்டுப் படம்தான் மேல்.

படிக்காதவர்களுக்குக் குரல்

தாள் போன வீடெல்லாம் படித்துவிடும் என்று நம்ப முடியாது. ஹட்டியில் வீட்டுக்குள் படுகு பேசுகிறார்கள். கூடலூர்ப் பக்கம் பல வீடுகளில் மலையாளம், பணியர் என்ற பழங்குடியினர் குடியிருப்பில் அவர்கள் மொழி. ஜார்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை தமிழில் எழுதிவிடும், அம்மாவுக்கு ஓரெழுத்து தெரியாது.

இதழ் வரும் நாளில் ஒரு குரல் பதிவு, ஒன்றரை நிமிடம். நிதானமாக வாசித்தால் நூற்றைம்பது சொல், அதாவது முதல் பக்கம் முழுசும். ஒரு பிள்ளை வாசிக்கட்டும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது பதிவு செய்தால் ஒன்றும் கேட்காது. அரிசி மூட்டை இருக்கும் ஸ்டோர் ரூம் நல்ல ஸ்டூடியோ, மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். தேதியை இரண்டு முறை சொல்ல வேண்டும், கிழமையோடு. வேற்றுமொழிப் பதிவை அந்த மொழி வீட்டில் பேசும் அக்காவோ அண்ணனோ செய்யட்டும், ஆசிரியர் முயன்றால் சிரிப்புதான் மிஞ்சும். குரல் பதிவின் அளவு சிறியது; ஒற்றைக் கோடு சிக்னலிலும் போய்ச் சேரும், வீடியோ சேராது.

மழை விடுமுறையை இந்த வழியில் அனுப்புவதானால் ஒரு கட்டுப்பாடு தேவை. ஆட்சியர் அறிவிப்பு சில நாள் மாவட்டம் முழுவதற்கும், சில நாள் குறிப்பிட்ட வட்டங்களுக்கு மட்டும் வரும். தேதி, கிழமை, வட்டம், யார் அறிவித்தது என்ற நான்கும் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். போன வருஷச் செய்தி இந்த வருஷம் திரும்பி வருவதும், குந்தாவுக்கு விட்ட விடுமுறையைக் கோத்தகிரிக்காரர் எடுத்துக்கொள்வதும் இந்த நான்கில் ஒன்று விடுபடுவதால்தான்.

மாத ஓட்டம்

முதல் மூன்று வாரம் சுவர் மட்டும். நான்காம் வாரம் திங்கள், போன இதழுக்குப் பின் உறையில் சேர்ந்த துண்டுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, இந்த மாத ஜோடிகள் எட்டைத் தேர்வு செய்வார்கள். செவ்வாய், புதன் ஏ3-இல் எழுத்து. வியாழன் உரக்க வாசிப்பு, திருத்தம். வெள்ளி டவுனுக்குப் போகும் யாராவது ஒரு பெற்றோர் கையில் ஜெராக்ஸுக்கு. திங்கள் விநியோகம். வியாழனன்று விடுமுறை வந்துவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போகட்டும், அதற்காக இரண்டு மாத இதழைச் சேர்த்துப் போட வேண்டாம். ஒருமுறை சேர்த்தால் அடுத்த முறையும் சேரும்.

மாதங்களுக்கு ஏற்ப முதல் பக்கம் மாறும். ஜூன் இதழில் பள்ளி நேரம், குழு உறுப்பினர் பெயர். ஜூலை, ஆகஸ்டில் மழைக் கணக்கு, மாற்று உடை ஒன்று பள்ளியில் வைக்கச் சொல்வது, கூடலூர்ப் பக்கமானால் அட்டைக்கடி. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்கு மழை, மண்சரிவு. பிள்ளைகள் வரும் பாதையில் புது விரிசல் தெரிந்தால் யாரிடம் சொல்வது என்று பெட்டி கட்டிப் போடுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி, ஹெத்தை அம்மன் பண்டிகை, அதை ஒட்டிய உள்ளூர் விடுமுறை. பிப்ரவரியில் ஆண்டு விழா வந்து முழுப் பக்கம் கேட்கும், கால் பக்கம் கொடுங்கள். மார்ச் இதழ் சேர்க்கைக்கு. அது அங்கன்வாடிக்கு இரண்டு பிரதி கூடுதலாகப் போக வேண்டும். ஐந்து வயது நிறையும் பிள்ளை உள்ள வீட்டைத் தேடிப்போய்க் கொடுத்தால் இன்னும் பலன்.

கோப்புப் பிரதி இரண்டில் ஒன்று பள்ளி பீரோவில், ஒன்று குழுத் தலைவர் வீட்டில். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் கூரை ஒழுகும் ஒரே இரவில் இரண்டும் போகும். ஓட்டை போட்டு நூலால் கட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் இந்த ஊரில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஏ3 மூலத்தாள்களைக் கடைக்காரரிடமிருந்து மறக்காமல் திரும்ப வாங்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து, அவள் எழுதிய மூலத்தாளையும் கொடுத்தனுப்பலாம்.